செக்அவுட்ல கட்டினது வெறும் அட்வான்ஸ்தான்

வெளிநாட்டு சைட்ல எதையாவது ஆசையா ஆர்டர் பண்ணிட்டு, பார்சல் வாசலுக்கு வர்ற அன்னிக்கு "இன்னும் இவ்ளோ கட்டணும், கட்டினாதான் கையில தருவோம்"னு சொன்னா யாருக்குமே கடுப்பாதான் ஆகும். உடனே நாம யாரை திட்டுவோம்? பார்சல் கொண்டு வந்தவரை. பாவம், அந்த வரியில அவருக்கு ஒரு பைசா போறதில்ல, ஆனா எதிர்ல நிக்கறது அவர்தானே. அப்பறம் செல்லரை திட்டி ஒரு மெயில், அப்பறம் ஒரு ஸ்டார் ரிவ்யூ, கடைசியா கவர்மென்ட்டு. என்னைக் கேட்டா இதுல முதல் திட்டு போக வேண்டியது செக்அவுட் பக்கத்தை டிசைன் பண்ணினவங்களுக்குதான். "டோட்டல்"னு கொட்டை எழுத்துல ஒரு தொகையைப் போட்டுட்டு, அதுக்குக் கீழ கண்ணுக்கே தெரியாத எழுத்துல "இறக்குமதி வரிகள் வாங்குபவர் பொறுப்பு"ன்னு ஒரு வரி எழுதி வைக்கறாங்க பாருங்க, அங்கதான் எல்லா சண்டையும் ஆரம்பிக்குது.

அந்த ஒரு வரிக்கு உண்மையான அர்த்தம் என்னன்னா, பட்டனை அழுத்தின நிமிஷத்துல நீங்கதான் இறக்குமதியாளர். கடையில போய் வாங்கும்போது நாம வெறும் கஸ்டமர், அந்தப் பொருளை வெளிநாட்டுலருந்து இறக்கினது, ட்யூட்டி, அதாவது இறக்குமதிக்கான சுங்க வரி கட்டினது, பேப்பர் வேலை பாத்தது எல்லாம் வேற யாரோ, அந்த செலவு மொத்தமும் விலைக்குள்ளயே அடங்கி வந்துரும், நமக்கு தெரியவே தெரியாது. ஆன்லைன்ல நேரா வெளிநாட்டுலருந்து வாங்கும்போது அந்த யாரோ ஒருத்தர் இடத்துல நாம உக்காந்துடறோம். கன்டெய்னர் கன்டெய்னரா சரக்கு இறக்கற கம்பெனிக்கு என்ன ரூலோ கிட்டத்தட்ட அதே ரூல்தான் நம்ம சின்ன டப்பாவுக்கும், கொஞ்சம் சுருக்கி வச்சிருக்காங்க அவ்ளோதான். இது புரிஞ்சுட்டா மீதி எல்லாம் ஏன் அப்படி நடக்குதுன்னு தானா புரியும், கோவம் குறையுமான்னு கேட்டா அது வேற விஷயம்.

சரி கணக்கைப் பாப்போம். பொருள் விலை 100னு வச்சுக்குங்க, எந்த நாட்டு காசா வேணா இருக்கட்டும். ஷிப்பிங் 30. நீங்க செக்அவுட்ல கட்டினது 130. உங்க நாட்டுல அந்தப் பொருளுக்கு ட்யூட்டி 10%, அதுக்கு மேல வாட் அல்லது ஜிஎஸ்டி 20%னு வச்சுக்குவோம். நெறைய பேர் 100க்கு 30% போட்டு 30தானே வரும்னு நெனைக்கறாங்க. அப்படி வராது. பெரும்பாலான நாடுகள்ல ட்யூட்டி போடறது பொருள் விலை, ஷிப்பிங், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேந்த தொகை மேல, அதாவது 130 மேல, அது 13. அடுத்தது வாட், அது 143 மேல, ஏன்னா ட்யூட்டியையும் சேத்துக்கிட்டுதான் வாட் போடுவாங்க, வரிக்கு மேல வரி. அது 28.60. ஆக வரி மட்டும் 41.60. கூரியர்காரங்க ஃபீஸ் ஒரு 15 சேந்துச்சுன்னா மொத்தம் 186.60ல போய் நிக்கும், நீங்க மனசுக்குள்ள நெனச்சது 100 ரேஞ்ச்ல ஒரு பொருள்.

இதுல ஷிப்பிங்கை சேக்கறதும் சேக்காததும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், இந்தியா எல்லாம் ஷிப்பிங்கை சேத்து ட்யூட்டி கணக்கு போடற நாடுகள், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா அந்த வெளிநாட்டு ஷிப்பிங் செலவை விட்டுட்டு பொருள் விலை மேல மட்டும் ட்யூட்டி போடற நாடுகள். சேக்கற நாட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு நாள் முன்னாடி வரணுமேன்னு எக்ஸ்பிரஸ் ஷிப்பிங் செலக்ட் பண்ணீங்கன்னா அந்த அவசரத்துக்கும் சேத்து வரி கட்டறீங்க. ஃப்ரீ ஷிப்பிங்னு போட்டிருந்தா வரி குறையும்னு சந்தோஷப்படவும் முடியாது, ஷிப்பிங் செலவு பொருள் விலைக்குள்ளதான் இருக்கு, அந்த முழு விலைக்கும் வரி வரும். எக்ஸ்சேஞ்ச் ரேட்டும் நீங்க கூகுள்ல பாத்தது கிடையாது, கஸ்டம்ஸ் தனக்குன்னு ஒரு ரேட்டை முன்கூட்டியே அறிவிச்சு அதுலதான் கணக்கு போடும், உங்க கார்டு பேங்க் போடற ரேட் இன்னொண்ணு, அதுல வெளிநாட்டு ட்ரான்சாக்ஷன் சார்ஜ் தனி.

"சின்ன பார்சலுக்கு வரி கிடையாதே, போன தடவ வந்துச்சே, ஒண்ணும் கேக்கலயே"ன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. அவங்க சொல்றது பொய் இல்ல, பழசு. ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழ இருந்தா வரி வசூல் பண்ற செலவே அதிகமாயிடும்னு பல நாடுகள் விட்டுக் குடுத்துட்டு இருந்துச்சு. ஆன்லைன் ஷாப்பிங் பெருசாகி சின்ன சின்ன பார்சல் கோடிக்கணக்குல வர ஆரம்பிச்சதும், உள்ளூர் வியாபாரிங்க "நாங்க மட்டும் வரி கட்டணுமா"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க, நியாயமான கேள்விதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. அப்பறம் ஒவ்வொரு நாடா அந்தக் கதவை மூடிருச்சு. ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1லருந்து ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழ உள்ள பொருளுக்கும் ஜிஎஸ்டி, நியூசிலாந்து 2019 டிசம்பர் 1லருந்து. பிரிட்டன்ல 15 பவுண்டு வரைக்கும் இருந்த வாட் சலுகை 2021 ஜனவரி 1ல போச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துல 22 யூரோ வரைக்கும் இருந்தது அதே வருஷம் ஜூலை 1ல போச்சு. சிங்கப்பூர் 2023 ஜனவரி 1ல. கடைசியா பெரிய அடி அமெரிக்காவுலதான், 2016லருந்து 800 டாலர் வரைக்கும் ட்யூட்டி இல்லாம உள்ள விட்டுட்டு இருந்தவங்க, 2025 மே மாசம் சீனா, ஹாங்காங் பார்சலுக்கு நிறுத்தினாங்க, ஆகஸ்ட் 29ல எல்லா நாட்டுக்கும் நிறுத்திட்டாங்க. அந்த சமயத்துல வரியை யாரு வசூல் பண்ணி எப்படி கட்டறதுன்னு தெளிவில்லாம பல நாட்டு தபால் துறைங்க அமெரிக்காவுக்கு பார்சல் எடுக்கறதையே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சது ஞாபகம் இருக்கும்.

இதுல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வருது. ட்யூட்டி சலுகை வேற, வாட் சலுகை வேற. ஐரோப்பிய ஒன்றியத்துல 22 யூரோ சலுகை போனப்ப போனது வாட் சலுகை மட்டும்தான், 150 யூரோ வரைக்குமான ட்யூட்டி சலுகை அப்பவும் அப்படியே இருந்துச்சு. அதனால "150க்குக் கீழ ஃப்ரீ"ன்னு யாராவது சொன்னா எது ஃப்ரீன்னு கேளுங்க. அந்த ட்யூட்டி சலுகைக்கும் நாள் குறிச்சாச்சு, 2026 ஜூலை 1லருந்து ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் மூணு யூரோ ட்யூட்டின்னு 2025 டிசம்பர்ல உறுப்பு நாடுகள் ஒத்துக்கிட்டாங்க.

ட்யூட்டி எத்தனை பர்சன்ட்னு எப்படி தெரியும்? இதுக்குத்தான் ஹெச்எஸ் கோடுன்னு ஒண்ணு இருக்கு, உலக சுங்க அமைப்பு பராமரிக்கறது, உலகத்துல இருக்கற எல்லா பொருளுக்கும் ஆறு இலக்க நம்பர், அந்த ஆறுக்கு அப்பறம் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு இன்னும் ரெண்டு நாலு இலக்கம் சேத்துக்கும். உங்க பொருள் எந்த நம்பர்ல விழுதோ அதைப் பொறுத்துதான் எல்லாம். பாக்க ஒரே மாதிரி இருக்கற ரெண்டு பொருள், உள்ள துணி வேற, பருத்தியா பாலியஸ்டரான்னு மாறினா வரியும் மாறலாம். இதுல நடக்கற சண்டை எல்லாம் படிச்சா சிரிப்பு வரும். கை வச்ச போர்வைன்னு ஒண்ணு வந்துச்சே, உக்காந்து டிவி பாக்கும்போது போத்திக்கிட்டே ரிமோட்டும் பிடிக்கலாம்னு, ஸ்னக்கி. அது போர்வையா சட்டையான்னு அமெரிக்காவுல கோர்ட் வரைக்கும் போச்சு, ஏன்னா போர்வைன்னா 8.5%, உடுப்புன்னா 14.9%. 2017ல சர்வதேச வர்த்தக கோர்ட் அது போர்வைதான்னு தீர்ப்பு சொல்லுச்சு. பெரிய கம்பெனி கோர்ட்டுக்குப் போகும், நாம ஒரு பார்சலுக்காக எங்க போறது? ஆனா செல்லர் லேபிள்ல வெறும் "ஆக்சஸரி"ன்னோ "பார்ட்ஸ்"னோ மொட்டையா எழுதிட்டா, அதை பாக்கற ஆபீசர் என்ன நெனைக்கறாரோ அந்த நம்பர்ல போட்டுருவார், அது பெரும்பாலும் நமக்கு சாதகமா இருக்காது. அதனால விலை அதிகமான பொருள்னா செல்லர்ட்ட சொல்லி பொருள் பேரை தெளிவா, எதுல செஞ்சதுன்னு சேத்து எழுதச் சொல்லலாம், சொன்னா பல பேர் செய்யறாங்க.

எல்லாத்துக்கும் ட்யூட்டி இருக்கும்னும் இல்ல. கம்ப்யூட்டர், அதோட உள்பாகங்கள் மாதிரி பொருளுக்கு 1996ல உலக வர்த்தக அமைப்புல போட்ட ஒப்பந்தத்தால அதுல சேந்த நாடுகள்ல ட்யூட்டி ஜீரோ. ஆனா ட்யூட்டி ஜீரோன்னா வரி ஜீரோன்னு அர்த்தம் இல்ல, வாட் வந்துரும், கூரியர் ஃபீஸும் வந்துரும். எதிர்பக்கம் பாத்தா சில பொருளுக்கு சாதா ட்யூட்டி போக ஆன்ட்டி டம்பிங் ட்யூட்டின்னு ஒண்ணு தனியா உக்காந்திருக்கும், அநியாயத்துக்கு கம்மி விலையில கொண்டு வந்து கொட்டி உள்ளூர் தொழிலை கெடுக்கக் கூடாதுன்னு போடறது. சீனாவுல செஞ்ச சைக்கிளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1993லருந்தே போட்டு வச்சிருக்கு, இப்ப அது 48.5% வரைக்கும் போகும். விலை கம்மியா இருக்கேன்னு ஒரு சைக்கிளை நேரா இறக்குமதி பண்றவர் தலையில இது விழுந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க.

அப்பறம் எங்கருந்து வருதுங்கறது வேற, எங்க செஞ்சதுங்கறது வேற. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒப்பந்தம் இருக்கு, வரி கிடையாதுன்னு பேப்பர்ல படிச்சிட்டு தைரியமா ஆர்டர் பண்ணுவோம். பிரெக்ஸிட்டுக்கு அப்பறம், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினதுக்கு அப்பறம், ஐரோப்பாவுல நெறைய பேர் இதுல அடிபட்டாங்க. பிரிட்டன் கடையிலதானே வாங்கறோம், ஒப்பந்தம் இருக்கேன்னா, அந்த சட்டை தைச்சது ஆசியாவுல, பிரிட்டன் குடோன்ல கொஞ்ச நாள் தூங்கி எழுந்ததால மட்டும் அது பிரிட்டன் பொருளாயிடாது. 150 யூரோவுக்கு மேல இருந்தா உடுப்புக்கு 12% மாதிரி முழு ட்யூட்டியும் கட்டணும்.

இப்ப எனக்கு நிஜமா வயித்தெரிச்சல் தர்ற விஷயத்துக்கு வரேன். வரியைக் கூட ஏத்துக்கலாம், அது எங்கயோ ரோடாவும் ஆஸ்பத்திரியாவும் மாறும்னு ஒரு நம்பிக்கை. இந்த ஃபீஸ் இருக்கே! கூரியர் கம்பெனி உங்க சார்பா கஸ்டம்ஸ்ல வரியை முன்னாடியே கட்டிடறாங்க, அப்படி கட்டினதுக்கு ஒரு அட்வான்ஸ் ஃபீஸ், பேப்பர் வேலை பாத்ததுக்கு க்ளியரன்ஸ் ஃபீஸ், அவங்க கேட்ட பேப்பரை நீங்க அனுப்ப லேட்டாக்கினா குடோன் வாடகை, சில இடத்துல இந்த ஃபீஸ் மேலயே வாட். வரி பொருள் விலைக்கு ஏத்த மாதிரி கூடும் குறையும், இந்த ஃபீஸ் பெரும்பாலும் ஒரு குறைஞ்சபட்ச தொகை வச்சிருக்கும், பொருள் எவ்ளோ சின்னதா இருந்தாலும் அதுக்குக் கீழ இறங்காது. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொன்னவங்க கூரியர் பில்லைப் பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பாங்களோன்னு எனக்கு சந்தேகமே உண்டு. ஒரு நண்பர் கீபோர்டுக்கு ரெண்டு மூணு பட்டன் மூடி மட்டும் வரவழைச்சார், வரி கொஞ்சம்தான், அந்த வரியை கட்டிக் குடுத்ததுக்கு கேட்ட ஃபீஸ் மூடிங்களோட விலைய விட அதிகம், மனுஷன் பார்சலை வாங்கறதா வேணாமான்னு வாசல்லயே நின்னு கால்குலேட்டர் தட்டிக்கிட்டு இருந்தார்.

தபால் வழியா வந்தா இந்த ஃபீஸ் வழக்கமா கம்மியாதான் இருக்கும், ஆனா மெதுவா வரும், ட்ராக்கிங் அவ்ளோ சுத்தமா இருக்காது. அவசரமில்லாத சின்ன பொருளுக்கு நான் தபாலைத்தான் தேடுவேன். சில கூரியர்ல "நானே கஸ்டம்ஸ்ல க்ளியர் பண்ணிக்கறேன்"னு நீங்க சொல்ல முடியும், சில நாட்டுல அதுக்கு வழி இருக்கு, ஆனா ஒரு வேலை நாளை அதுக்கு எழுதி வைக்கணும், டைமுக்கும் ஒரு விலை இருக்கில்ல.

ஷிப்பிங் பக்கத்துல டிடிபின்னு போட்டிருக்கா டிஏபின்னு போட்டிருக்கான்னு பாருங்க, இந்த மூணு எழுத்துலதான் மொத்த கதையும் இருக்கு. டிடிபின்னா வரி எல்லாம் செல்லர் பொறுப்பு, வாசல்ல யாரும் காசு கேக்கக் கூடாது. டிஏபின்னா, பழைய சைட்ல டிடியுன்னு இருக்கும், வரி உங்க தலையில. ரெண்டு ஆப்ஷனும் இருந்தா டிடிபி விலை கூடத் தெரிஞ்சாலும் பெரும்பாலும் அதுதான் நிம்மதி, ஏன்னா அந்த தனி ஃபீஸ் அதுல வர்றதில்ல. சில பெரிய மார்க்கெட்பிளேஸ் செக்அவுட்லயே இறக்குமதி டெபாசிட்னு ஒரு தொகை எடுத்துட்டு, நிஜ வரி கம்மியா வந்தா மிச்சத்தை திருப்பித் தருவாங்க. அது நல்ல ஏற்பாடு, மத்தவங்களும் இதை செய்யாததுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணுதான், மொத்த தொகையை முன்னாடியே காட்டினா நாம ஷாப்பிங் கார்ட்டை மூடிட்டு போயிடுவோம்னு பயம்.

செக்அவுட்லயே வரி கட்டியும் வாசல்ல திரும்ப கேக்கறாங்களே, அதுவும் நடக்குது. ஐரோப்பாவுல ஐஓஎஸ்எஸ்னு ஒரு முறை, 150 யூரோ வரைக்கும் செல்லரே வாட் வாங்கிக் கட்டிருவார், அவரோட நம்பர் பார்சல் டேட்டாவோட எலக்ட்ரானிக்கா கஸ்டம்ஸ் கைக்குப் போகணும். அந்த நம்பர் போகலன்னா அவங்களைப் பொறுத்தவரை வரி கட்டாத பார்சல், திரும்ப வாட், கூடவே ஃபீஸ். அதனால வரி தனியா காட்டின இன்வாய்ஸை டவுன்லோட் பண்ணி வைங்க, பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டும். கூப்பன் போட்டு வாங்கினாலும் அப்படித்தான், நீங்க நிஜமா கட்டின தொகைக்குத்தான் வரி, ஆனா இன்வாய்ஸ்ல டிஸ்கவுன்ட் இல்லாத விலை இருந்தா ஆபீசருக்கு எப்படி தெரியும்?

செல்லர்ட்ட சொல்லி "கிஃப்ட்"னு டிக் பண்ணச் சொல்லு, விலையைக் குறைச்சு எழுதச் சொல்லுன்னு ஐடியா குடுக்கறவங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க. கிஃப்ட் சலுகைங்கறது ஒரு தனி மனுஷர் இன்னொரு தனி மனுஷருக்கு காசு வாங்காம அனுப்பறதுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துல அதுவும் 45 யூரோ வரைக்கும்தான். கடை பேர் போட்ட டப்பாவுல கிஃப்ட்னு ஒட்டினா யாரு நம்புவா, கஸ்டம்ஸ்காரங்களும் அதே சைட்ல விலையைப் பாத்துட்டு அவங்க கணக்கை போடுவாங்க, அபராதம் வந்தா அது இறக்குமதியாளருக்கு, அதாவது உங்களுக்கு. இன்னொரு பக்கமும் இருக்கு, பார்சல் வழியில தொலைஞ்சா நஷ்ட ஈடு எழுதின விலைக்குத்தான், 200க்கு வாங்கினதை 20னு எழுதச் சொன்னவர் 20தான் கேக்க முடியும்.

இந்த எல்லா குழப்பத்தையும் நல்லா பயன்படுத்திக்கறவங்க மோசடிக்காரங்கதான். "உங்க பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது, சின்ன தொகை கட்டினா ரிலீஸ் ஆகும்"னு ஒரு மெசேஜ், கீழ ஒரு லிங்க். தொகை ரொம்ப சின்னதா இருக்கும், அதுதான் தூண்டில், அவங்களுக்கு வேண்டியது அந்த சில்லறை இல்ல, உங்க கார்டு நம்பரும் ஓடிபியும். எப்பவும் ஏதாவது ஒரு ஆர்டர் வழியில இருக்கறதால நமக்கும் உண்மைன்னுதான் தோணும். மெசேஜ்ல இருக்கற லிங்க்கைத் தொடாதீங்க, கூரியர் சைட்டை நீங்களே திறந்து, செல்லர் குடுத்த ட்ராக்கிங் நம்பரை போட்டுப் பாருங்க, நிஜமா பாக்கி இருந்தா அங்கயும் காட்டும்.

வேண்டவே வேண்டாம், பில்லைக் கட்ட மாட்டேன்னு பார்சலை மறுத்தா என்ன ஆகும்? திரும்பிப் போகும், இல்ல அழிச்சிருவாங்க, எதுன்னு முடிவு பண்றது நாம இல்ல. செல்லர் ரீஃபண்ட்ல போக வர ஷிப்பிங்கை கழிச்சுட்டு மிச்சம் தருவார், சில பேர் ஒண்ணும் தர மாட்டாங்க. வாங்கிட்டு அப்பறம் பிடிக்கலன்னு திருப்பி அனுப்பினா பொருள் காசு செல்லர்ட்டருந்து வரும், வரி செல்லர்ட்ட இல்லயே, அது கவர்மென்ட்டுல இருக்கு, அதை வாங்க தனி ஃபார்ம், திருப்பி அனுப்பினதுக்கு சான்று, காலக்கெடு. கூரியர் ஃபீஸ் போனது போனதுதான்.

வாரன்ட்டி ரிப்பேர் இதைவிட மோசம். கெட்டுப்போன பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பி அவங்க சரி பண்ணி திருப்பி அனுப்பறாங்க, எல்லைக்கு வந்ததும் அது கஸ்டம்ஸ் கண்ணுக்கு புதுசா வர்ற ஒரு சரக்கு. அனுப்பறதுக்கு முன்னாடியே ரிப்பேருக்குப் போகுதுன்னு பேப்பர் போட்டு, சீரியல் நம்பரோட பதிவு பண்ணியிருந்தா தப்பிக்கலாம், இல்லன்னா ஏற்கெனவே வரி கட்டின அதே பொருளுக்கு இன்னொரு தடவ கட்டச் சொல்வாங்க. ரீப்ளேஸ்மென்ட்டா புது பீஸ் வந்தா வாதாடறது இன்னும் கஷ்டம்.

அதனால கொஞ்சம் விலை கூடின பொருள்னா நான் இப்ப ஆர்டருக்கு முன்னாடியே செல்லருக்கு ஒரு மெயில் போட்டுருவேன்: டிடிபியா டிஏபியா, எந்த கூரியர், எந்த நாட்டுல செஞ்சது, என்ன ஹெச்எஸ் கோடு போடுவீங்க, கெட்டுப்போனா எங்க அனுப்பணும். பதில் ஒழுங்கா வந்துச்சுன்னா அந்த கோடை என் நாட்டு கஸ்டம்ஸ் சைட்ல போட்டு பர்சன்ட்டேஜ் பாத்து, கூரியர் சைட்ல ஃபீஸ் லிஸ்டை தேடி எடுத்து (அதை எங்கயோ மூலையிலதான் வச்சிருப்பாங்க, ஆனா இருக்கும்) மேல போட்ட மாதிரி ஒரு கூட்டல் போட்டுப் பாப்பேன். பாதி தடவ அந்தக் கூட்டல் முடியும்போதே உள்ளூர்ல அதே பொருள் விக்கறவர் கேட்ட விலை திடீர்னு நியாயமா தெரிய ஆரம்பிச்சிரும். மெயிலுக்கு பதிலே வரலன்னா கார்ட்டை அப்படியே விட்டுருவேன், ரெண்டு நாள் கழிச்சு "உங்க கார்ட்ல பொருள் காத்திருக்கிறது, 10% தள்ளுபடி"ன்னு மட்டும் கரெக்டா மெயில் வரும்.